எந்த மணி நேரத்துக் கார்? நெடுநேரப் பந்தய மாடல்களும் மலையகத்து ஈரமும்

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 991 எனப்படும் போர்ஷே கார்ப் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பிடித்த பிறகு, நெடுநேரப் பந்தயத்தைப் பற்றி அதுவரை கேள்விப்படாத தமிழ் வீடுகளிலும் அதைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஒரே காரை மூன்று நான்கு பேர் முறை வைத்து ஓட்டுவதும், இரவென்றும் மழையென்றும் பாராமல் ஓடுவதும், வேகத்தோடு நின்றுபிடிக்கும் வலுவையும் கேட்பதும் அந்தப் பந்தயத்தின் இயல்பு. இலங்கையின் மலையகத்துக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு காரின் ஓட்டம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். கீழே புறப்பட்ட காரும் மேலே போய்ச் சேரும் காரும் தோற்றத்தில் ஒன்றுதான். 24 மணி நேரம் ஓடும் கார் அப்படியல்ல. அதன் சிற்றளவு மாடலைச் செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் அதனால்தான் வேறாகிறது: எந்தக் கார் என்பதோடு, அந்தக் காரின் எந்த மணி நேரம் என்பதையும் அவர் தீர்மானித்தாக வேண்டும்.

பிரான்சின் லே மான்ஸ் நகரில் 1923 மே மாதம் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயமே இந்த வகைக்குத் தாய்ப் பந்தயம். இன்றைய சுற்றுப்பாதை 13.626 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் பொதுமக்கள் வாகனம் ஓட்டும் சாதாரண வீதி. மாலையில் பளபளப்பாகப் புறப்படும் கார், மறுநாள் மாலைக்குள் பலமுறை எரிபொருள் நிரப்பி, டயர் மாற்றி, பிரேக் தட்டுகளை மாற்றி, எங்கேயாவது முட்டிக்கொண்டால் முன்மூக்கையே கழற்றி வேறொன்றைப் பூட்டிக்கொண்டு ஓடும். புதிதாகப் பூட்டிய மூக்கில் ஸ்பொன்சர் ஸ்டிக்கர் ஒன்று குறைந்திருக்கலாம், எண் சற்றே சாய்ந்திருக்கலாம், விளக்கின் மேல் டேப் ஒட்டியிருக்கலாம். இரவுக்கென்று பூட்டிய மேலதிக விளக்குகளும், பக்கவாட்டு எண்ணுக்கு வெளிச்சம் தரும் சிறு விளக்கும் ஃபோர்முலா 1 மாடலில் வேலையே இல்லாத உறுப்புகள். இங்கே அவைதான் கண்ணை முதலில் இழுக்கின்றன.

எந்தக் கார், எந்த நிலை என்ற இந்தக் கேள்விக்கு 1970ஆம் ஆண்டுப் போட்டியைவிட நல்ல உதாரணம் இல்லை. போர்ஷே நிறுவனம் லே மான்ஸில் முதன்முதலாக ஒட்டுமொத்த வெற்றி பெற்ற ஆண்டு அது. ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டிய, சிவப்பும் வெள்ளையும் பூசிய 23ஆம் எண் 917 கே கார், கொட்டும் மழையில் அந்த வெற்றியைப் பெற்றது. புறப்பட்டவை 51 கார்கள். இறுதித் தரவரிசையில் இடம்பெற்றவை ஏழே ஏழு. அந்தக் காரைச் செய்ய நினைப்பவர் இயல்பாகவே போர்ஷே அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களைத் தேடுவார். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. பல்லாண்டுகளாக அந்தச் சிவப்பு வெள்ளை நிறத்தில் காட்சிக்கு நின்றது வென்ற கார் அல்ல. 917-001 என்ற முதலாவது காரையே வெற்றிக்குப் பிறகு அதைப் போல மாற்றி, நிறம் பூசி நிறுத்தியிருந்தார்கள். 2019இல்தான் அதைப் பழைய வெள்ளை பச்சை நிறத்துக்குத் திருப்பினார்கள். வென்றது 917-023. ஆகவே அருங்காட்சியகப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு திருகாணியையும் சரியாக வைத்தவர், கடைசியில் வேறொரு காரைத்தான் செய்து முடித்திருப்பார்.

இன்னொரு சிக்கல் ஃபோர்டு ஜிடி40இல் வருகிறது. 1075 என்ற அடிச்சட்ட எண் கொண்ட ஒரே கார் 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லே மான்ஸை வென்றது. முதலாண்டு 9ஆம் எண்ணுடன் பெட்ரோ ரொட்ரிகஸும் லூசியன் பியாங்கியும், அடுத்த ஆண்டு 6ஆம் எண்ணுடன் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் அதை ஓட்டினார்கள். 1969இல் 24 மணி நேர ஓட்டத்தின் முடிவில் முதலாம் இரண்டாம் கார்களுக்கு இடையிலிருந்த தூரம் சுமார் 120 மீட்டர் மட்டுமே. இரண்டு ஆண்டும் அதே வெளிர்நீலமும் ஆரஞ்சும் கலந்த கல்ஃப் எண்ணெய் நிறுவன நிறம். மாடலின் பாகங்கள் வரும் ஒரு கிட் பெட்டியில் இரண்டு ஆண்டுக்குமான டெக்கல்கள், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் எண்களும் சின்னங்களும், சேர்ந்தே வரும்போது, எண்ணை மாற்றினால் போதும் என்று தோன்றும். விளக்கு, காற்றுத்துளை, எரிபொருள் மூடி, கண்ணாடி என்று ஆண்டுக்கு ஆண்டு மாறியவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி நேரம் போகிறது. மீதிப் பாதிதான் ஒட்டுவதும் பூசுவதும்.

கிட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிளாஸ்டிக் கார் கிட் உலகின் தலைநகரம் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணம். தமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, அவோஷிமா ஆகிய நான்கும் அங்கிருந்தே வருகின்றன. கார்களுக்கு வழக்கமான அளவு 1/24, அதாவது நிஜத்தில் ஓர் அடி மாடலில் அரை அங்குலம். 1982இல் அறிமுகமான, குரூப் சி என்ற பந்தயக் கார் வகைக்கான விதிகள் காரின் நீளத்தை 4.8 மீட்டருக்கும் அகலத்தை 2 மீட்டருக்கும் மட்டுப்படுத்தியிருந்ததால், அந்தக் காலத்துப் போர்ஷே 956, ஜாகுவார், மஸ்டா எல்லாமே மேசையில் ஏறக்குறைய 20 சென்றிமீட்டர் நீளத்தில் அமைகின்றன. சேகரிப்பாளர்கள் விரும்பும் 1/43 அளவு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற ரயில் கணக்கை வகுத்துப் பார்த்தால் 43.5 வரும். அந்த அளவில் கார் உள்ளங்கையில் அடங்கிவிடும், அலமாரியில் இடமும் மிஞ்சும். தமியாவைப் பற்றி ஒரு கதை உண்டு. 1970களில் 1/12 அளவில் போர்ஷே 934 கிட்டை வடிவமைப்பதற்காக அந்த நிறுவனம் நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றி அளந்தது. மீண்டும் பூட்டத் தெரியாமல் போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க வேண்டியதாயிற்று. கராஜ் வேலை தெரிந்த நம்மவர் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்ததில்லை.

புகையிலை விளம்பரத் தடைகள் வந்த பிறகு, கிட் பெட்டிகளிலிருந்து சிகரெட் நிறுவனப் பெயர்கள் மறைந்துவிட்டன. 1982இல் 1, 2, 3 என்ற எண்களோடு ஓடி, அதே வரிசையில் முதல் மூன்று இடங்களையும் எடுத்த போர்ஷே 956 கார்கள் ரொத்மன்ஸ் நிறத்தில் ஓடின. இன்றைக்கு அந்த நிறத்தைச் சரியாகக் கொண்டுவர விரும்புபவர் தனியாக டெக்கல் தாள் வாங்க வேண்டும், சில வேளைகளில் கிட்டின் விலையில் பாதிக்கு. வரலாற்றுச் சரியா, பெட்டியில் உள்ளது போதுமா என்ற இந்தக் கேள்விக்கு நான் முதலாவதின் பக்கம். பெயர் இல்லாத நீல வெள்ளைக் கார் அந்த ஆண்டில் அந்தப் பாதையில் ஓடவில்லை.

இனி மலையகத்து வானிலைக்கு வருவோம். பிற ஊர்களின் வழிகாட்டல்கள் இங்கே செல்லாமல் போவது இந்த இடத்தில்தான். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. மூடுபனி இறங்கிய நாளில் லக்கர் பெயிண்டை எயார் பிரஷ்ஷால் அடித்தால், சிவப்பு பூசிய இடம் சில நொடிகளில் பால் தெளித்தாற்போல் வெளுத்துப்போகும். காரணம் எளிது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயாத பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மிக மெல்லிய தூவலாக அதன் மேல் அடித்தால் பெயிண்ட் மீண்டும் இளகி, சிக்கிய நீர் வெளியேறி, நிறம் பெரும்பாலும் திரும்பும். ஆனால் முதலிலேயே அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

அந்த நாளை எப்படி அறிவது என்பதற்கு நம்மிடம் ஒரு விடை தயாராக இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் மாடியில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இரண்டின் வாசிப்புக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காற்று எவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் என்று கணிக்கிறார்கள். வித்தியாசம் குறைந்தால் கொழுந்து வாடாது. அதே நாளில் லக்கரும் உருப்படியாகக் காயாது. காற்றின் ஈரத்தைக் குறிக்கும் சாரீரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டிய நாளில் பளபளப்புப் பூச்சில் கை வைக்காமல், அந்த நேரத்தை ஒட்டு வேலைக்கும் இருக்கைப் பட்டிகளுக்கும் செலவிடுவதே விவேகம். இதை இன்னும் விரித்தால், தேயிலையின் தரப் பருவமே பெயிண்ட் பருவமும் என்று ஆகிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை விடாது. வட்டவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தப் பக்கங்களில் விளையும் டிம்புள்ள தேயிலைக்கு மணம் ஏறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிர்காலமே பூச்சு வேலைக்கு உகந்தது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கதை தலைகீழ்: மலையின் மறுபுறம் மழை கொட்டும் ஜூலை, ஓகஸ்டில் ஊவாவில் உலர்ந்த கச்சான் காற்று வீசும், அப்போதுதான் ஊவாத் தேயிலைக்கும் பெயர், அங்குள்ள மாடல்காரரின் பூச்சுக்கும் பொலிவு. ஹட்டன்காரரும் பண்டாரவளைக்காரரும் ஒரே கிட்டை ஒரே நாளில் தொடங்கினாலும் ஒரே மாதத்தில் நிறம் பூச முடியாது.

குளிருக்கு வேறு தந்திரங்கள் வேண்டும். ஸ்ப்ரே டின்னுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் குளிரில் இறங்கிவிடுவதால், நுண்ணிய புகையாக வர வேண்டிய பெயிண்ட் துளித் துளியாகத் துப்பும். டின்னைக் கை தாங்கும் அளவு இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகும். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டு போவது கூடவே கூடாது. எனாமல் பூச்சு 15 பாகையில் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். அதற்கு உலர்பெட்டி ஒன்று செய்யலாம். சற்றுப் பெரிய பிஸ்கட் டின்னின் மூடியில் துளையிட்டு, பழைய இழை பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அடியில் காற்று நுழைய ஓரிரு துளைகள் போட்டு, காரின் உடற்பகுதியைக் கம்பியில் தூக்கி வைத்தால் போதும். வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து 40 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு கூடினால், விளிம்பு மெல்லியதாக வார்க்கப்பட்ட பின்சிறகுதான் முதலில் வளையும். ஈரமான பூச்சின் வாடை அடங்கும்வரை உடற்பகுதியை உள்ளே வைக்கவும் கூடாது. சூடான பல்புக்கும் தின்னர் ஆவிக்கும் ஒத்துவராது.

சூப்பர் குளூ காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகும் பசை. ஆகவே நம் ஊரில் அது நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும், அருகிலுள்ள கண்ணாடிப் பாகங்களில் வெண்புகையாகவும் படியும். விளக்கு மூடிகளுக்கும் முன்கண்ணாடிக்கும் சாதாரண வெள்ளைப் பசையே பாதுகாப்பானது. கொழும்பில் அடைத்து வாங்கிய பெயிண்ட் போத்தலையோ பசைக் குழாயையோ நுவரெலியாவில் முதன்முறை திறக்கும்போதும் அவதானம் தேவை. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் உள்ளிருக்கும் காற்று வெளியே உந்தித் தள்ளும். கடையில் தொங்கும் மரவள்ளிச் சிப்ஸ் பைகள் உப்பி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

பெயிண்ட் கிடைப்பது தனிப் பிரச்சினை. தீப்பற்றும் திரவங்களை விமானத் தபாலில் அனுப்ப முடியாது. கிட் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அதற்குரிய லக்கர் கூட வராது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு கிட்டின் விலையும் பலருக்கு எட்டாததாயிற்று. வளைகுடாவில் வேலை செய்யும் உறவினர் ஊருக்கு வரும்போது, பெட்டியைத் தட்டையாக மடித்து, பாகச் சட்டங்களைத் துணிகளுக்கு இடையில் வைத்துக் கொண்டுவருவது இன்று வழக்கமாகிவிட்டது. நிறத்துக்கு வாகனப் பெயிண்ட் கடைகளே கைகொடுக்கின்றன. டிங்கரிங் வேலை நடக்கும் ஊரில் நிறம் கலந்து தரும் கடையும் இருக்கும். கல்ஃப் வெளிர்நீலத்துக்கு மாதிரி ஒன்றைக் காட்டினால் சிறு அளவில் கலந்து தருவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வாகனத் தகரத்துக்கென்று செய்த தின்னர் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து, பரப்பில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். முதலில் பிரைமர், பிறகு பனித்திவலை போன்ற மெல்லிய பூச்சுகள் என்று படிப்படியாகப் போக வேண்டும். இரண்டு பாகமாகக் கலக்கும் டூ கே கிளியர் பூச்சு கண்ணாடிபோல் மின்னும் என்பது உண்மை. அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு என்பதும் உண்மை. பிள்ளைகள் படுத்துறங்கும் லயன் அறைக்குள் அதை அடிக்க எந்த மாடலும் தகுதியானதல்ல.

நிறம் பூசி முடிந்ததும் மீண்டும் மணி நேரக் கேள்வி எழுகிறது. 1991இல் வோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ராண்ட் கஷோ ஆகியோர் ஓட்டிய 55ஆம் எண் மஸ்டா 787பி, 362 சுற்றுகளை முடித்து, லே மான்ஸை வென்ற முதலாவது ஜப்பானிய நிறுவனத்தின் கார் என்ற பெயரைப் பெற்றது. ரீகண்டிஷன் வாகனங்களால் மஸ்டாவும் டொயோட்டாவும் வீட்டுப் பெயர்களாகிவிட்ட இந்த நாட்டில் அதற்குத் தனி மவுசு உண்டு. ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமாகச் சந்திக்கும் அந்த உடலில் வெளிர்நிறத்தை முதலில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, டேப்பால் மறைத்துப் பச்சையை அடிப்பதுதான் முறை. 2011இல் அதே கார் லே மான்ஸில் காட்சி ஓட்டம் ஓடியபோது எடுத்த படங்கள் தெளிவானவை, ஆனால் அது துலக்கிய கார். 1991இல் கொடி விழுந்தபோது அந்தக் கார் இருந்த நிலை வேறு.

அந்த நிலையைக் காட்ட முனையும் பலர் இங்கே தவறுவது நிறத்தில். மழைக்காலத் தோட்டத்துப் பாதையில் கொழுந்து லொறியைப் பார்த்துப் பழகிய கண், அழுக்கு என்றால் செம்மண் என்று நினைத்துக்கொள்கிறது. தார்ப்பாதையில் 24 மணி நேரம் ஓடிய காரின் அழுக்கு கறுப்பும் சாம்பலும்தான். சக்கர வளைவுக்குப் பின்னால் உருகி ஒட்டிய டயர்த் துணுக்குகள், சக்கரக் கோல்களில் பிரேக் தூசு, பின்பக்கம் எண்ணெயும் புகையும், மூக்கிலும் விளக்குகளிலும் பூச்சிகள், முன்விளிம்பில் சரளை பட்டு உதிர்ந்த பெயிண்ட். இவை எல்லாம் காற்று ஓடும் திசையில் இழுபட்டிருக்கும். பூச்சியின் கறைக்குப் பழைய பல்துலக்கியின் மயிரில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தைத் தொட்டு, முன்னாலிருந்து ஒரே திசையில் தெறிக்கவிட வேண்டும். ஓட்டுநர் மாறும்போதெல்லாம் முன்கண்ணாடியைத் துடைத்திருப்பார்கள், ஆகவே அதைச் சுற்றியுள்ள பகுதி அழுக்காகவும் அது மட்டும் சுத்தமாகவும் இருப்பதே சரி.

சேகரிப்பவரின் தெரிவு வேறு வகை. வென்ற கார்களை மட்டும் சேர்ப்பது வழக்கம். எனக்கோ தோற்றவை அதிகம் சொல்வதாகப் படுகிறது. 2016இல் முன்னணியில் ஓடிய 5ஆம் எண் டொயோட்டா டிஎஸ்050, பந்தயம் முடிய மூன்று நிமிடமளவே இருந்தபோது வலுவிழந்து நின்றது. போர்ஷே வென்றது, அந்த 5ஆம் எண் காருக்குத் தரவரிசையில்கூட இடம் கிடைக்கவில்லை. டொயோட்டா நிறுவனம் வெல்ல 2018 வரை காத்திருந்தது. இரண்டு ஆண்டுக் கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அலமாரி ஒரு வரலாற்றைச் சொல்லும். தமிழ்நாட்டுத் தொடர்பை விரும்புபவருக்கு, சென்னையைச் சேர்ந்த கரூண் சந்தோக் 2012இல் ஜேஆர்எம் அணிக்காக ஓட்டி ஒட்டுமொத்தமாக ஆறாம் இடம் பெற்ற கார் இருக்கிறது. லே மான்ஸ் 24 மணி நேரத்தில் ஓடிய முதலாவது இந்தியர் அவர்.

சேர்த்தவற்றைக் காப்பதிலும் ஈரமே எதிரி. துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்த பழைய மாடல்களில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால், ஈரக்காற்று அவற்றை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும், அதற்கு மருந்தில்லை. ரெசின் மாடல்களுக்கு அந்த நோய் இல்லை, ஆனால் கடுஞ்சூட்டில் வளையும். அட்டைப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கும், திறக்காத கிட்டின் டெக்கல் தாள் மேலுறையோடு ஒட்டிக்கொள்ளும். டெக்கல்களைக் காற்றுப்புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு தனியே எடுத்து வைப்பதும், அந்த ஜெல்லை ஈரம் குடித்ததும் சூடாக்கி உலர்த்துவதும் மழைக்காலத்துக் கடமைகள். மென்மையான டயர்களிலிருந்து கசியும் எண்ணெய் கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டையும் சக்கரத்தின் விளிம்பையும் மெல்ல இளக்கிவிடும் என்பதால், காரை அலமாரியில் நிறுத்தும்போது ஒவ்வொரு டயருக்கும் அடியில் அலுமினியத் தாளில் வெட்டிய சிறு துண்டொன்றை வைத்துவிட வேண்டும்.